புகைப்பழக்கமும் மிகைமெய்ம்மையும்

தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. பழக்கத்தின் வலிமையை இதனினும் சுருங்கக் கூறுதல் அரிது. ஆயினும் புகைபிடித்தல் தொட்டிலிற் பழகுவதன்று. இளமைப் பருவத்தில், பெரும்பாலும் நண்பர் நடுவில், ஒருவன் தானே தேடிக்கொள்வது. இடையில் வந்த இப்பழக்கம் தொட்டிற் பழக்கத்தினும் உறுதியாக ஒருவனைப் பற்றிக்கொள்வது எவ்வாறு? பற்றியதனைக் கழற்றுதற்கு இக்கால விஞ்ஞானம் முயன்றுவரும் புதுவழிகளுள் ஒன்று ‘மிகைமெய்ம்மை’ என்னும் கருவிநுட்பமாகும். அதன் இயல்பையும், அது தாங்கி நிற்கும் உளவியல் உண்மையையும், நம் மலைநாட்டு மக்கள் அதனின்றும் பெறத்தக்க பயனையும் விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நாம் நன்கறிந்த ஒரு காட்சியை நோக்குவோம். மாத்தளை மாவட்டத்திலே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குப் புறத்தே, தேயிலை மலைகளுக்கிடையில் அமைந்த ஊர் எல்கடுவ. அவ்வூர்த் தோட்டங்களைப் போன்ற மலையகத் தோட்டங்களிற் கார்த்திகை பிறந்ததும் ஐயப்ப பக்தர் மாலை அணிவர். ஒரு மண்டலம், அதாவது 41 நாள், விரதம் காப்பர். அவருள் நாள்தோறும் புகைத்து வந்தவரும் உளர். மாலை கழுத்தில் உள்ளவரை அவர் சிகரெட்டையோ பீடியையோ தொடுவதில்லை. யாத்திரை முடிந்து மாலை கழற்றிய பின்னரோ, சின்னாட்களுக்குள்ளேயே அவருட் பலர் பழைய தேநீர்க்கடையின் பழைய வாங்கில் அமர்ந்து மீண்டும் பற்றவைக்கின்றனர். இதனைப் பக்திக் குறைவு என்று கூறி அமைவாரும், மனவுறுதி இன்மை என்று இகழ்வாரும் உளர். 41 நாள் உறுதி காத்தவரை உறுதியற்றவர் என்பது எங்ஙனம் பொருந்தும்? ஆதலின் இதற்குக் காரணம் வேறோரிடத்தில் தேடற்பாலது.

புகையிலையில் உள்ள நிக்கொட்டின் என்னும் பொருளே அடிமைத்தனத்தின் வேர். புகையை உள்ளிழுத்த சில விநாடிகளுள் அது நுரையீரல் வழியாகக் குருதியிற் கலந்து மூளையை அடைகின்றது. அங்கே நரம்புக்கலங்களின் மேலுள்ள ஏற்பிகளைத் தூண்டி, டோப்பமீன் என்னும் சுரப்பை மிகுவிக்கின்றது. இன்பத்தையும் நாட்டத்தையும் மூளையிற் பதியச் செய்வது அச்சுரப்பேயாகும். குருதியில் ஏறிய நிக்கொட்டின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்திற் பாதியாகக் குறைந்துவிடுகின்றது. குறையவே, உடல் மீண்டும் அதனை வேண்டுகின்றது. புகைத்தலைத் திடீரென விட்டவனுக்கு எரிச்சல், அமைதியின்மை, உறக்கக்குறைவு, மிகுபசி முதலிய தொல்லைகள் தோன்றுகின்றன. அவை முதல் வாரத்திற் கடுமையாக இருந்து, மூன்று நான்கு வாரங்களிற் பெரும்பாலும் தணிந்துவிடுகின்றன. அங்ஙனமாயின், 41 நாள் விரதம் காத்தவருடைய உடல் நிக்கொட்டினுக்கு ஏங்கும் நிலையை ஏறத்தாழக் கடந்துவிட்டது என்பது பெறப்படும். பின்னும் அவரை இழுத்தது யாது?

இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு உருசிய நாட்டு உடலியலறிஞர் பவ்லோவிடம் செல்லல் வேண்டும். செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். நாய்க்கு உணவிடும்போதெல்லாம் ஓர் ஒலியையும் எழுப்பி வந்தால், நாளடைவில் அவ்வொலி ஒன்றே நாயின் வாயில் உமிழ்நீர் ஊறச் செய்யும் என்பது அவர் காட்டிய உண்மை. ஒலிக்கும் உணவுக்கும் இயற்கையில் யாதொரு தொடர்பும் இல்லை. திரும்பத்திரும்ப ஒருங்கு நேர்ந்தமையால் உண்டான தொடர்பே அது. புகைபிடிப்போனுக்கு நேர்வதும் இதுவே. நாளொன்றுக்குப் பத்துச் சிகரெட்டுப் புகைப்பவன் ஆண்டில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட முறை பற்றவைக்கின்றான். ஒவ்வொரு முறையும் ஏதோவொரு காட்சி, ஓசை, மணம், துணை, நேரம் உடனிருக்கின்றது. தேநீர்க் குவளை, தீப்பெட்டியின் உரசல், கவ்வாத்து வெட்டி ஓய்ந்த பொழுது, சம்பள நாளின் மாலை, ‘இந்தா’ என்று ஒன்றை நீட்டும் தோழனின் கை ஆகிய இவையெல்லாம் பவ்லோவின் ஒலியாக மாறிவிடுகின்றன. இவற்றை உளவியலார் தூண்டற்குறிகள் என்பர்.

நம் சமய நூலார் இவ்வுண்மையை ‘வாசனை’ என்னும் சொல்லாற் குறித்துள்ளனர். பெருங்காயம் தீர்ந்த பின்னும் பாண்டத்தில் அதன் மணம் நிற்பது போலச் செயல் ஒழிந்த பின்னும் அதன் பதிவு உள்ளத்தில் நிற்கும் என்பது அவர் கருத்து. இக்கால உளவியல் இதனோடு ஒன்றைச் சேர்த்துக் கூறுகின்றது: அம்மணம் பாண்டத்தில் மாத்திரம் நிற்பதன்று, பாண்டம் இருந்த அறையிலும் நிற்கின்றது.

இதனை மெய்ப்பிப்பன அமெரிக்க உளவியலறிஞர் சிந்தியா காங்க்ளின் முதலியோர் நடாத்திய பரிசோதனைகள். சிகரெட்டோ சாம்பற்கிண்ணமோ புகைப்போர் எவருமோ இல்லாத வெறும் இடங்களின் படங்களை அவர்கள் புகைபிடிப்போருக்குக் காட்டினர். மதுச்சாலை, பேருந்துத் தரிப்பிடம் போன்ற இடங்கள் அவை. அவற்றைக் கண்ட அளவிலேயே புகைக்கும் இச்சை எழுந்தது. பின்னர் ஒவ்வொருவரும் தாம் வழக்கமாகப் புகைக்கும் இடங்களைத் தாமே படம்பிடித்துவரச் செய்து, அவற்றையே அவருக்குக் காட்டினர். 2010இல் வெளியான அவ்வாய்வின்படி, பொதுவிடங்களின் படங்களைக் காட்டிலும் தத்தம் சொந்த இடங்களின் படங்கள் மிகுந்த இச்சையை விளைத்தன. ஆகவே தேநீர்க்கடையின் வாங்கு வெறும் வாங்கன்று; புகைத்தவனுடைய உள்ளத்தின் ஒரு பகுதி அங்கே தங்கியிருக்கின்றது.

தூண்டற்குறி இச்சையை எழுப்புமாயின், அதன் வலியைக் குறைத்தற்கு வழியுண்டோ? உண்டு என்பதனையும் பவ்லோவே காட்டினார். உணவு கொடாமல் ஒலியை மட்டும் பலமுறை எழுப்பினால், உமிழ்நீர் ஊறுதல் படிப்படியாகக் குறைந்து நின்றுவிடும். இதற்கு ‘அணைதல்’ என்று பெயர் கூறலாம். இம்முறையைத் தழுவி, புகைத்தலை விட விரும்புவோரை மருத்துவ அறையில் இருத்தி, சிகரெட்டு, தீப்பெட்டி முதலியவற்றைக் காட்டிப் புகைக்கவிடாது பழக்கும் சிகிச்சை தோன்றியது. கொள்கையளவிற் குறைகாணவியலாத இம்முறை, நடைமுறையில் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. போதைப்பழக்கங்களில் இச்சிகிச்சையின் பலனை ஆராய்ந்து காங்க்ளினும் டிபனியும் 2002இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, அதற்கு உறுதியான சான்று இல்லை என்றே முடிவு கூறிற்று.

பயன் தராமைக்குக் காரணம் யாது? அணைதல் என்பது பழைய பதிவை அழிப்பதன்று. அதன்மேற் புதியதொரு பாடத்தை எழுதுவது மாத்திரமே. பழைய பாடம் எங்கும் செல்லுபடியாகும். புதிய பாடமோ கற்ற இடத்தோடு ஒட்டி நிற்கும். அமெரிக்க உளவியலறிஞர் மார்க் பூட்டன் இதனை விலங்குகளில் விரிவாக ஆராய்ந்து தெளிவுபடுத்தினார். ஓரிடத்தில் அணைந்த பழக்கம், இடம் மாறியதும் மீண்டும் தலைதூக்கும். மருத்துவ அறையிற் சிகரெட்டைக் கண்டு கலங்காதவன், வீட்டு வாயிலில் அதனைக் கண்டதும் கைநீட்டுவது இதனாலேயாகும். மாலை அணிந்த பக்தரின் நிலையும் இதற்கு இனமானது. புகைக்காதிருத்தலை அவர் மாலையோடும், கறுப்பு வேட்டியோடும், பசனையோடும் சேர்த்துக் கற்றார். தேநீர்க்கடையின் வாங்கோடு சேர்த்துக் கற்கவில்லை. மாலை கழன்றபோது அப்பாடமும் கழன்றது.

இனி, மிகைமெய்ம்மை இங்கு எவ்வாறு துணைபுரிகின்றது என்பதனைக் காண்போம். ஆங்கிலத்தில் ‘ஓக்மென்டட் றியாலிட்டி’ எனப்படுவதற்கு நேரான சொல் இது. நாம் காணும் மெய்யுலகை மறைக்காமல், அதன்மேல் இல்லாத பொருளொன்றை உள்ளதுபோலத் தோன்றச் செய்யும் நுட்பமே மிகைமெய்ம்மை. இதனின் வேறானது மாயமெய்ம்மை. அது கண்களை முற்றிலும் மூடும் கவசத்தை அணிவித்து, முழுவதும் புனையப்பட்ட உலகினுள் ஒருவனைப் புகுத்துவது. இவ்விரண்டுக்கும் முன்னோடியாகத் தலையில் அணியும் காட்சிக் கருவியை 1968இல் அமெரிக்கக் கணினியறிஞர் ஐவன் சதர்லண்ட் உருவாக்கினார். அக்காலத்துக் கருவி மிகப் பாரமானது. அதனைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. 2016இல் வெளியான ‘போக்கிமோன் கோ’ என்னும் விளையாட்டினால் மிகைமெய்ம்மை பாமரரும் அறிந்த ஒன்றாயிற்று. 2017இல் அப்பிள், கூகிள் ஆகிய நிறுவனங்கள் தத்தம் கைத்தொலைபேசிகளுக்கு வேண்டிய மென்பொருட் கருவிகளை வெளியிட்டமையால், சிறப்புக் கருவி எதுவுமின்றியே அதனைக் கையாளும் நிலை உண்டாயிற்று.

இது தொழிற்படும் முறை பின்வருமாறு: கைத்தொலைபேசியின் கமரா எதிரிலுள்ள மேசையையோ தரையையோ படம்பிடிக்கின்றது. தொலைபேசி எப்பக்கம் சாய்கின்றது, எவ்வளவு நகர்கின்றது என்பவற்றை அதனுள் இருக்கும் உணரிகள் அளக்கின்றன. இவ்விரு செய்திகளையும் இணைத்து, மேசையின் மட்டம் எங்குள்ளது என்பதனைக் கணினி கணிக்கின்றது. பின்னர் முப்பரிமாண உருவொன்றை அம்மட்டத்தின்மேற் பொருத்துகின்றது. நாம் ஒருபுறம் நகர்ந்தால் அவ்வுருவின் மறுபுறம் தெரிகின்றது. அருகிற் சென்றால் அது பெரிதாகின்றது. ஆதலின், மேசைமேல் உண்மையாகவே புகைந்துகொண்டிருக்கும் சிகரெட்டொன்று இருப்பதாகக் கண் நம்புகின்றது. அறிவு அதனைப் பொய்யென்று கூறினும், இச்சை அறிவைக் கேட்டு எழுவதன்று.

இந்நுட்பம் உளச்சிகிச்சையில் முதன்முதல் இடம்பெற்றது அச்சநோயைத் தீர்ப்பதிலாகும். கரப்பான்பூச்சிக்கு அஞ்சும் ஒருவருக்கு இம்முறையாற் சிகிச்சையளித்ததை ஸ்பானிய உளவியலறிஞர் கிறிஸ்டினா பொற்றெல்யா குழுவினர் 2005இல் வெளியிட்டனர். புகைத்தல் தொடர்பாக முதலிற் பயன்பட்டது மாயமெய்ம்மையே. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நடந்து 2009இல் வெளியான ஆய்வொன்று ஈண்டு குறிப்பிடத்தக்கது. புகைபிடிப்போர் 91 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைப் புனையுலகிற் காணும் சிகரெட்டுகளைக் கையால் நசுக்கச் செய்தனர். மற்றவரை வெறும் பந்துகளைப் பற்றச் செய்தனர். பன்னிரண்டாம் வார முடிவிற் புகைக்காதிருந்தோர் முதற் பிரிவில் நூற்றுக்கு 15 பேர். மற்றதில் நூற்றுக்கு 2 பேர். இலக்கம் சிறிதாயினும் வேறுபாடு கருதத்தக்கது.

மிகைமெய்ம்மையைப் புகைப்பழக்க நீக்கத்துக்கென்று முறையாக ஆராய்ந்து வருவோர், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துத் தம்பா நகரில் உள்ள மொபிற் புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்த கிறிஸ்டின் வின்சி, தோமஸ் பிராண்டன் முதலியோராவர். அவர்கள் சிகரெட்டு, தீமூட்டி, சாம்பற்கிண்ணம் முதலியவற்றின் உருக்களை அமைத்துக் கைத்தொலைபேசித் திரையில் தோன்றச் செய்தனர். 2020 முதல் வெளியான அவர்களுடைய கட்டுரைகள் இரு செய்திகளைத் தெரிவிக்கின்றன. ஒன்று, இவ்வுருக்கள் புகைத்தலோடு தொடர்பில்லாத பொருள்களின் உருக்களைக் காட்டிலும் மிகுந்த இச்சையை எழுப்புகின்றன என்பது. அஃதாவது, பொய்ச் சிகரெட்டு மெய்த் தூண்டற்குறியாகத் தொழிற்படுகின்றது. மற்றொன்று, அவற்றைத் திரும்பத்திரும்பக் கண்டும் புகைக்காதிருப்பவரிடத்தில் அவ்விச்சை தணிகின்றது என்பது. 2022இல், ஒருவர் இப்பயிற்சியைத் தம் அன்றாட வாழ்விடத்திலேயே செய்துகொள்ளத்தக்க செயலியொன்றை அமைத்த வகையையும் அவர்கள் விளக்கினர்.

இதன் சிறப்பு யாதெனிற் கூறுவாம். பழைய சிகிச்சை நோயாளியை அவனுடைய இடத்தினின்றும் பெயர்த்து மருத்துவ அறைக்குக் கொணர்ந்தது. மாயமெய்ம்மை அவனைப் புனைந்த இடத்துக்குக் கொண்டுசென்றது. மிகைமெய்ம்மையோ அவனை அவனிடத்திலேயே இருக்கவிட்டுத் தூண்டற்குறியை அங்கே கொணர்கின்றது. சொந்தத் திண்ணையிலும், வேலைத் தலத்திலும், தேநீர்க்கடையிலும் அமர்ந்து மறுக்கப் பழகுவதால், புதிய பாடம் அவ்வவ்விடங்களிலேயே எழுதப்படுகின்றது. மேலும், தோன்றுவது உருவேயாதலாற் கைதவறி அதனைப் பற்றவைத்துவிடும் ஆபத்தும் இல்லை.

ஆயினும் விஞ்ஞானத்தைப் போற்றுவோர் அதன் எல்லையையும் அறிதல் வேண்டும். இச்சை தணிதல் வேறு. பழக்கம் ஒழிதல் வேறு. முன்னையது காட்டப்பட்டுள்ளது, பின்னையதற்கு நெடுங்கால ஆய்வுகள் தேவை. நிக்கொட்டின் ஒட்டுத்தாள், நிக்கொட்டின் மெல்பசை, வரெனிக்கிளின், பியூபுரோப்பியோன் ஆகிய மருந்துகளும் முறையான ஆலோசனையுமே நன்கு நிறுவப்பட்ட வழிகளாகும். உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியும் இவற்றையே முதன்மையாகக் கூறி, கைத்தொலைபேசி வழியான உதவிகளைத் துணைமுறைகளாக ஏற்கின்றது. எனவே மிகைமெய்ம்மை மருந்துக்கு மாற்றன்று. மருந்து தீர்க்கமாட்டாத ‘வாசனை’யைத் தீர்க்க முயலும் துணை எனக் கொள்க.

இனி எல்கடுவவுக்கு மீள்வோம். இலங்கையில் 2015ஆம் ஆண்டளவில் எடுக்கப்பட்ட தேசிய மதிப்பீட்டின்படி ஆண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 29 பேர் புகைத்தனர். பெண்களிற் புகைத்தோர் ஆயிரத்துக்கு ஒருவரே. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடைசெய்தது. 21 வயதுக்குட்பட்டோருக்கு விற்றலை விலக்கியது. 2015 முதல் சிகரெட்டுப் பெட்டியின் 80 வீதப் பரப்பில் நோயின் படங்கள் இடம்பெறலாயின. நல்ல ஏற்பாடே. எனினும் தோட்டத்துத் தொழிலாளி பெட்டியாக வாங்குவதில்லை. கடைக்காரர் பிரித்துக் கொடுக்கும் ஒற்றைச் சிகரெட்டையே வாங்குகின்றார். எச்சரிக்கைப் படம் கடைக்காரரின் மேசையிலேயே தங்கிவிடுகின்றது. நோய் மட்டும் வீட்டுக்கு வருகின்றது. நாட்கூலியின் ஒரு பகுதி நாள்தோறும் புகையாகப் போய், ஈற்றில் எஞ்சியது கண்டிக்கும் மகரகமைக்கும் மருத்துவமனை அலைச்சலிற் செலவாகும் துயரை மலையகக் குடும்பங்கள் அறியும்.

இத்தகைய ஊருக்கு மிகைமெய்ம்மைக் கருவி பயன்பட வேண்டுமாயின், அது காட்டும் உருக்கள் இவ்வூருக்கு உரியனவாதல் வேண்டும். தம்பா நகரத்து மேனாட்டுச் சாம்பற்கிண்ணம் எல்கடுவத் தொழிலாளியின் உள்ளத்தில் எதனையும் எழுப்பாது. அவருக்குத் தூண்டற்குறியாவன, பீடிக்கட்டு, கடைத்தூணிற் கட்டிய புகைந்துகொண்டிருக்கும் நெருப்புக் கயிறு, வெறுந்தேநீர்க் குவளை, பெரட்டுக்களத்துக் குளிர்காலை, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக் காத்திருப்பு, சாவு வீட்டில் இரவு முழுவதும் கண்விழித்திருக்கும் ஆடவர் கூட்டம் ஆகியன. இவற்றை அறிந்தோர் புளோரிடாவில் இல்லை; இத்தோட்டங்களிற் பிறந்து கணினி கற்கும் நம் மாணவரே அறிவர். அயல்நாட்டுக் கருவியின் மொழியை மாற்றினாற் போதாது. அதன் கண்களையே மாற்றுதல் வேண்டும்.

மற்றுமொன்று கருதற்பாலது. பெண்கள் புகைப்பதில்லை என்று மேலே கண்டோம். ஆயினும் தோட்டத்துப் பெண்கள் பலர் புகையிலை சேர்த்து வெற்றிலை மெல்லுகின்றனர். பாக்கே புற்றுநோய் விளைக்கும் பொருளென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004இல் வகுத்துள்ளது. புகையிலை சேரும்போது கேடு மேலும் பெருகுகின்றது. வெற்றிலை நம்மிடத்தில் நெடுங்காலமாக உள்ளது. புகையிலையோ போர்த்துக்கேயர் காலத்தை ஒட்டி வந்து, முன்னிருந்த வெற்றிலைத் தட்டில் ஏறி அமர்ந்து, விருந்தோம்பலின் உறுப்பாகிவிட்டது. வந்தவரை வரவேற்கும் தட்டே தூண்டற்குறியாகிவிடின், அதனை மறுத்தல் சிகரெட்டை மறுத்தலினும் கடினமாகும். மறுப்பது பொருளையன்று, உறவை என்று தோன்றுமன்றோ? ஆதலின் மலையகத்துக்கு அமையும் கருவி எதுவாயினும் வெற்றிலைத் தட்டையும் தன் திரையிற் கொள்ளுதல் வேண்டும்.

கருவி வரும்வரை காத்திருத்தலும் வேண்டியதில்லை. அது கற்பிக்கும் தத்துவம் கருவியின்றியும் கைக்கொள்ளத்தக்கது. புகைத்தலை விட எண்ணுபவர் தாம் எங்கெங்கே, யார் யாரோடு, எப்பொழுதெல்லாம் புகைக்கின்றார் என்பதனை ஒரு வாரம் எழுதிவைத்தல் வேண்டும். விட்ட முதற் சில வாரங்களில், உடலின் ஏக்கம் கடுமையாக இருக்கும்போது, அவ்விடங்களை விலக்குதல் நன்று. பின்னர் ஒவ்வோரிடமாக, புகைக்காத நண்பர் ஒருவரின் துணையோடு, மீளச் சென்று அமர்ந்து, இச்சை எழுந்து தணியும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். எழும் இச்சை பெரும்பாலும் சில நிமிடங்களே நிற்கும் என்பதனை அறிந்தவனுக்குப் பொறுத்தல் எளிது. தனித்து முயல்வோருட் பலர் முதல் வாரத்திலேயே தோற்கின்றனராதலின், வைத்தியரையோ, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையின் 1948 என்னும் தொலைபேசி இலக்கத்தையோ நாடுதல் நலம். ஒருமுறை வழுவினாற் பயிற்சி பாழாயிற்று என்று கருதுதலும் தவறு. அஃது இன்னும் பாடம் எழுதப்படாத ஓரிடத்தைக் காட்டிற்று என்று கொள்ளல் வேண்டும்.

அடுத்த கார்த்திகையிலும் மாலைகள் அணியப்படும். 41 நாள் உறுதி காக்கும் ஆற்றல் நம்மவரிடம் உண்டென்பதற்கு அதனினும் சான்று வேண்டா. அவ்வுறுதியை மாலை கழற்றும் நாளோடு கைவிடாமல், அன்றே தேநீர்க்கடையின் வாங்குக்கும் மடுவத்தின் வாயிலுக்கும் கொண்டுசெல்லக் கற்பித்தலே செய்யவேண்டிய பணி. அதற்குக் கைத்தொலைபேசித் திரை துணையாயின் நன்று. இன்றேல், அருகில் அமர்ந்து அவருடன் வெறுந்தேநீர் மட்டும் அருந்தும் ஒரு தோழன் துணையாகட்டும். பழக்கம் எங்கே கற்கப்பட்டதோ, விடுதலையும் அங்கேயே கற்கப்படல் வேண்டும்.